மூட்டு நோவுக்குக் குளிசை போடுமுன்: வன்னியில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் நாற்பது வயது கடந்தவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் முழங்கால் நோவைப் பற்றி வாயெடுத்தால், மற்ற மூவரிடமும் சொல்ல ஒரு கதை இருக்கும். வயலில் குனிந்தே கழிந்த காலம், முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்த தோள், இடம்பெயர்ந்து நடந்த தூரம் எல்லாம் மூட்டில்தான் வந்து நிற்கின்றன. தாங்க முடியாத அன்றைக்குச் சந்திப் பாமசியில் "நோவுக்கு ரெண்டு குளிசை தாங்கோ" என்று கேட்டு வாங்குகிறோம். அந்த ரெண்டு குளிசை பிறகு மாதக் கணக்கில் தொடர்கிறது.

டிக்ளோபினாக், ஐபுபுரோபென், நப்ரொக்சன், மெபனாமிக் அசிட் என்ற பெயர்களில் வரும் இந்த வீக்கம் தணிக்கும் மருந்துகள் (கீழே நோக்குளிசை என்று சொல்வது இவற்றைத்தான்) கெட்டவை அல்ல. படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி நடக்க வைத்தவை. ஆனால் வெயிலில் வேலை செய்கிற, தண்ணீர் போதியளவு குடிக்காத, பிரஷருக்கோ சீனி வருத்தத்துக்கோ ஏற்கெனவே மருந்து எடுக்கிற ஒருவருடைய கிட்னியை இவை பழுதாக்கிவிடக் கூடும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் முழுதாகத் தெளியாத அந்தக் கிட்னி வருத்தம் வவுனியா மாவட்டத்தின் சில விவசாயக் கிராமங்களிலும் இருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் நோக்குளிசையைக் கணக்கில்லாமல் விழுங்குவது கூடவே கூடாது. இன்னொரு பக்கம், சரவாங்கி (ருமட்டோயிட் ஆர்த்ரைட்டிஸ்) போன்ற வருத்தங்களுக்கு வேறு மருந்து தேவை. நோக்குளிசையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் மூட்டு உள்ளுக்குள் அரிபட்டுப் போகும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

குளிசைக்கு முன்னம்: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோவா?

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, தொட விடாமல் கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு இது கூடுதலாக வரும். ஒரு நாள் தாமதமும் மூட்டைக் கெடுக்கும். நோக்குளிசை போட்டுக் காய்ச்சலை மறைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகன வசதி இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

காய்ச்சலோடு உடம்பு முழுக்க உளைவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். மாரி காலத்தில் அது டெங்காக இருக்கலாம். டெங்குக் காய்ச்சலில் டிக்ளோபினாக், ஐபுபுரோபென், மெபனாமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் கூடாது. இரத்தக் கசிவு உயிராபத்தாக மாறும். பின்பக்கமாக வைக்கும் மருந்துக்கும் அதே விதிதான். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் அளவோடு. வயலில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் சதையில் கடும் நோவு என்றால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். அதுவே கிட்னியைத் தாக்கும் வருத்தம். அதன் மேல் நோக்குளிசையும் சேர்ந்தால் கிட்னி இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

பிள்ளைகளுக்குத் தொண்டை நோவு வந்து சில கிழமைகளின் பின் ஒரு மூட்டில் தொடங்கி இன்னொரு மூட்டுக்குத் தாவும் நோவும் காய்ச்சலும் வந்தால் அது வாதக்காய்ச்சலாக இருக்கலாம். அது இதய வால்வைக் கெடுக்கும். டொக்டர் பார்த்து இதயத்தைச் சோதிக்கும் வரை வீட்டில் நோக்குளிசை கொடுத்து அடையாளத்தை அழித்துவிடாதீர்கள். அஸ்பிரினைப் பிள்ளைகளுக்கு வீட்டில் கொடுக்கவே கூடாது.

முதற்படி: எந்த மூட்டு வருத்தம் என்று பிரித்தறிதல்

எல்லா மூட்டு நோவும் ஒரே வருத்தம் அல்ல. மருந்தும் ஒன்றல்ல.

தேய்வு என்றால் நோவு வேலை செய்யச் செய்யக் கூடும், ஆறியிருந்தால் குறையும். காலையில் விறைப்பு அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். முழங்கால்தான் கூடுதலாகப் பாதிக்கப்படும். குந்தியிருந்து எழும்பும்போது கையை ஊன்ற வேண்டிவரும்.

சரவாங்கி நேர்மாறு. காலையில் எழும்பினால் கை விரல்கள் மடங்காது; தேநீர்க் கோப்பையைப் பிடிக்க ஒரு மணித்தியாலம் செல்லும். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, விரல் அடி மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் வீக்கம் இருக்கும். வேலை செய்தால் கொஞ்சம் இளகும். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வரும். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: விரல்களின் அடி மூட்டு நாலையும் சேர்த்துப் பக்கவாட்டில் மெதுவாக நெரியுங்கள். உயிர் போகிற மாதிரி நொந்தால், அதுவும் விறைப்பு 6 கிழமைக்கு மேல் நின்றால், பாமசிக்குப் போகாமல் டொக்டரிடம் போங்கள்.

நடு இரவில் கால் பெருவிரல் அடி தீப்பிடித்த மாதிரி எரிந்து வீங்கினால் அது பெரும்பாலும் கவுட், யூரிக் அசிட் கூடுவதால் வரும் மூட்டு வருத்தம். இளவயதுக்காரருக்கு நாரி நோ மாதக் கணக்கில் இருந்து, அதிகாலையில் எழுப்பி, நடந்தால் குறைகிறதென்றால் அது முள்ளந்தண்டு வாதமாக இருக்கலாம். அந்த வருத்தத்தில் நோக்குளிசையே முதல் மருந்து. டொக்டர் சொன்னபடி ஒழுங்காக எடுக்கவேண்டும். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கும் மாதக் கணக்கில் மூட்டு நோவு நீடிக்கும். 2006, 2007இல் அந்தக் காய்ச்சல் நாட்டில் பரவியபோது அதை அனுபவித்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிச் சொல்வார்கள்.

சந்தேகமென்றால் ஓபிடியில் காட்டி ஈஎஸ்ஆர், சிஆர்பி, வாதக் காரணி, யூரிக் அசிட், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் ஆகிய இரத்தச் சோதனைகள் தேவையா என்று கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது ஆஸ்பத்திரிகளில் மருத்துவக் கிளினிக் இருக்கிறது. வாதநோய் நிபுணர் பார்க்கவேண்டும் என்றால் துண்டு எழுதி அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்தான் போகும். விரல் கோணிப்போன பிறகு இழக்கும் கூலியோடு பார்த்தால் அது பெரிய செலவல்ல.

இரண்டாம் படி: உங்கள் உடம்புக்கு இந்த மருந்து ஒத்துவருமா?

இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971இல் பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் வேன் காட்டினார். அதற்காக 1982இல் நோபல் பரிசும் பெற்றார். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. மூட்டில் வீக்கத்தையும் நோவையும் கூட்டுவது அதுதான். நோக்குளிசை அந்தச் சுரப்பைத் தடுப்பதால் வீக்கம் வற்றும். ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. கிட்னிக்கு இரத்தம் போகும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது. மூட்டுக்கு மட்டும் போய் வேலை செய்யும் குளிசை இல்லை.

கிட்னியில் நடப்பதைக் குளத்தை வைத்துச் சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். குளத்தில் தண்ணீர் வற்றும்போதும் வயலுக்குத் தண்ணீர் போகவேண்டுமென்றால் துருசைக் கூடுதலாகத் திறந்து வைக்கவேண்டும். கிட்னியிலும் இப்படித்தான். வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்த நேரம் புரோஸ்டாகிளாண்டின் உள்ளே வரும் குழாயைத் திறந்து பிடிக்கும். நோக்குளிசை அந்தத் துருசை மூடிவிடுகிறது. பிரஷருக்குத் தரும் லொசார்ட்டன், எனலப்பிரில் போன்ற குளிசைகள் வெளியே போகும் பக்கத்தைத் தளர்த்தி, உள்ளே இருந்த அழுத்தத்தையும் குறைக்கின்றன. சலம் போக வைக்கும் பிரூசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் குளத்திலேயே தண்ணீரைக் குறைக்கின்றன. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கிட்னி சில நாட்களிலேயே நின்றுபோகலாம். நோவும் இருக்காது, சத்தமும் இருக்காது. சலம் குறையும், கால் வீங்கும், சத்தி வரும், அப்போதுதான் தெரியவரும்.

லொசார்ட்டனோ எனலப்பிரிலோ எடுப்பவர்கள் பயந்து அதை நிற்பாட்டிவிட வேண்டாம். அவை இதயத்தையும் கிட்னியையும் காக்கும் மருந்துகள். நிற்பாட்ட வேண்டியது நோக்குளிசையைத்தான்.

ஆகவே கீழே சொல்பவர்கள் டொக்டர் எழுதித் தராமல் நோக்குளிசையைத் தொடக்கூடாது. கிட்னி வருத்தம் இருப்பவர்கள்; கிட்னி வேலைத்திறன் (சோதனைத் துண்டில் eGFR என்று இருக்கும்) 30க்குக் கீழே போனவர்களுக்கு அறவே கூடாது. மாரடைப்பு, பாரிசவாதம் வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள். குறிப்பாக டிக்ளோபினாக் இவர்களுக்குக் கூடாது என்று 2013இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அறிவித்தது. வயிற்றுப்புண் இருந்தவர்கள், இரத்தச் சத்தி எடுத்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் அல்லது குளோபிடோக்ரெல் போடுபவர்கள். தொய்வுக்காரரில் சிலருக்கு ஒரு குளிசையிலேயே முட்டு இழுக்கத் தொடங்கிவிடும். முன்னம் ஒருமுறை அப்படி நடந்திருந்தால் அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பால் எழுதிவையுங்கள். கர்ப்பிணிகள் 20 கிழமைக்குப் பிறகு தவிர்க்கவேண்டும். கடைசி மூன்று மாதத்தில் இவை வயிற்றுப் பிள்ளையின் இதயத்துக்குப் பக்கத்திலுள்ள இரத்தக் குழாயை மூடச் செய்துவிடும்.

ஒத்துவரும் ஆளாக இருந்தாலும் நாளைப் பாருங்கள். கந்தசஷ்டி விரதம், நோன்பு, வயிற்றோட்டம், சத்தி, சூடு மிதித்து வேலை செய்யும் அறுவடை நாள்: இந்த நாட்களில் நோக்குளிசை வேண்டாம். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களையும் நினைத்துச் சொல்கிறேன். வெயிலில் நாள் முழுக்க நடந்து, கால் வீங்கி, வழியில் யாரோ தரும் குளிசையை வாங்கிப் போடுவது பிரஷர் மருந்து எடுக்கும் வயதானவர்களுக்குப் பெரிய ஆபத்து. அவர்கள் பையில் பனடோலும் பூசும் ஜெல்லும் இருக்கட்டும்.

மூன்றாம் படி: பூசுவதில் இருந்து தொடங்குங்கள்

முழங்கால் தேய்வுக்கும் கை விரல் தேய்வுக்கும் முதல் மருந்து டிக்ளோபினாக் ஜெல்தான். பூசினால் இரத்தத்துக்குள் போகும் அளவு குளிசையில் போவதில் சிறு பங்கே. முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு 3 அல்லது 4 தரம். விரல் நுனி அளவு தடவிவிட்டு "இது சரிவரேல்லை" என்று வைத்துவிடுகிறார்கள். முழங்காலைச் சுற்றி முழுக்கப் பூசவேண்டும். இரண்டு கிழமையாவது பார்க்கவேண்டும். பூசிய இடத்தில் காயம் இருக்கக்கூடாது, பூசியபின் சூட்டு ஒத்தடமும் கொடுக்கக்கூடாது.

பனடோல் வீக்கத்தைத் தணிக்காது, நோவை மட்டும் குறைக்கும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால். 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் ஒருபோதும் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் சாராயம் குடிப்பவர்களும் இன்னும் குறைவாகவே எடுக்கவேண்டும்.

நொச்சி இலை ஒத்தடமும் எண்ணெய் பூசுவதும் தேய்வு நோவுக்கு இதம் தரும், தடையில்லை. சிவந்து கொதிக்கும் மூட்டை மட்டும் பிடித்து உருவ வேண்டாம்.

தேய்வுக்கு மருந்தைவிடக் கூடுதலாக உதவுவது தொடைச் சதையைப் பலப்படுத்துவது. கதிரையில் இருந்துகொண்டு ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தரம், காலையும் மாலையும். குந்தும் மலகூடத்துக்கு மேல் வைக்கும் கதிரை ஒன்று கிடைத்தால் முழங்காலுக்குப் பெரிய ஆறுதல்.

நான்காம் படி: குளிசை தேவையென்றால் எது, எவ்வளவு, எத்தனை நாள்?

ஒரு நேரத்தில் ஒரு நோக்குளிசை மட்டும். இதுதான் முதல் விதி. நோவு அடங்கும் மிகக் குறைந்த அளவு, தேவையான மிகக் குறைந்த நாள் என்பது இரண்டாவது.

ஐபுபுரோபென் 400 மில்லிகிராம், நாளைக்கு 3 தரம். டொக்டர் சொல்லாமல் நாளைக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. டிக்ளோபினாக் 50 மில்லிகிராம், நாளைக்கு 2 அல்லது 3 தரம். 150 மில்லிகிராம் எல்லை. நப்ரொக்சன் 250 முதல் 500 மில்லிகிராம், நாளைக்கு 2 தரம். இதயத்துக்கு இருக்கும் ஆபத்து இந்தக் கூட்டத்தில் நப்ரொக்சனுக்குக் குறைவு, வயிற்றுக்கு இருக்கும் ஆபத்து அப்படியல்ல. செலிகொக்சிப், எடோரிகொக்சிப் இரண்டும் வயிற்றை ஓரளவு காக்கும். ஆனால் கிட்னியைக் காக்காது, இதயத்துக்கும் நல்லதல்ல. அந்த வகையில் வந்த ரொபெகொக்சிப் மாரடைப்பைக் கூட்டியதால்தான் 2004இல் உலகம் முழுக்கச் சந்தையில் இருந்து எடுக்கப்பட்டது. எடோரிகொக்சிப் பிரஷரையும் ஏற்றும்.

நோவு முதல் நாளிலேயே குறையத் தொடங்கும். வீக்கம் வற்ற மூன்று கிழமை வரை செல்லலாம். ஒரு மருந்து சரிவராவிட்டால் அதன் மேல் இன்னொன்றைச் சேர்க்காமல், முதலாவதை நிற்பாட்டிவிட்டு இரண்டாவதற்கு மாறவேண்டும்.

இந்த முதல் விதியை எப்படி மீறுகிறோம் என்பதை மருந்து கொடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை புதுக்குடியிருப்புப் பக்கத்து அம்மா ஒருவர் கொண்டுவந்த சொப்பிங் பையை மேசையில் கொட்டச் சொன்னேன். கிளினிக்கில் கொடுத்த லொசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் பேப்பர் உறையில் இருந்தன. அவற்றுக்கு நடுவே வேறு மூன்று அட்டைகள். "இதெல்லாம் என்னத்துக்கம்மா?" என்று கேட்டேன். "இது முழங்காலுக்குத் தம்பி. அது நாரி நோவுக்கு, தனியாரிட்ட காட்டின நேரம் தந்தது. மற்றது மகள் கொழும்பிலயிருந்து அனுப்பினவ, கை விறைப்புக்கு." முழங்காலுக்கு என்றது டிக்ளோபினாக். நாரிக்கு என்றது மெபனாமிக் அசிட். மகள் அனுப்பியதைத் திருப்பிப் பார்த்தால் அதுவும் டிக்ளோபினாக், பெயர் மட்டும் வேறு. அவருடைய கால் இரண்டும் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீங்கியிருந்தன. உடனே டொக்டரிடம் அனுப்பிக் கிரியட்டினின் பார்க்க வைத்தோம். கூடித்தான் இருந்தது. மூன்றையும் நிற்பாட்டிய பிறகு அடுத்தடுத்த கிளினிக்குகளில் அது இறங்கியது. எல்லோருக்கும் அப்படி இறங்குவதில்லை.

ஆகவே அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பனிப் பெயரைப் பார்க்காமல், கீழே சிறிதாக இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். வோல்டரன் என்றால் டிக்ளோபினாக், புரூபென் என்றால் ஐபுபுரோபென், பொன்ஸ்டான் என்றால் மெபனாமிக் அசிட். வாசிக்கக் கஷ்டமென்றால் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள்; ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருக்கிறதா என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வயிற்றுக்கு: சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் எரிவு குறையும், ஆனால் புண் வருவதை அது தடுக்காது. ஊசியாகப் போட்டாலும் இரத்தத்தின் வழியே போய் அதே புண்ணை உண்டாக்கும். 65 வயது கடந்தவர்கள், அஸ்பிரின் 75 மில்லிகிராம் எடுப்பவர்கள், ஸ்டீரோயிட் எடுப்பவர்கள் நோக்குளிசை எடுக்கவேண்டி வந்தால் ஒமிபிரசோல் 20 மில்லிகிராம் காலைச் சாப்பாட்டுக்கு முன் சேர்த்துத் தருவார்கள். மலம் தார் மாதிரிக் கறுத்து ஒட்டினால், அல்லது கோப்பிச் சாறு நிறத்தில் சத்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஐந்தாம் படி: சரவாங்கி என்று உறுதியானால்

இந்த இடத்தில்தான் நம் ஊர்களில் பெரும் இழப்பு நடக்கிறது. நோக்குளிசை போட்டதும் வீக்கம் வற்றுகிறது, சமைக்க முடிகிறது, அதோடு டொக்டரை மறந்துவிடுகிறோம். ஆனால் எலும்பு அரிபடுவது நிற்கவில்லை. அதை நிற்பாட்டும் மருந்துகள் வேறு. வருத்தம் தொடங்கி மூன்று மாதத்துக்குள் அவற்றைத் தொடங்கினால் பலருக்கு விரல் கோணாமலே காப்பாற்றலாம்.

முதன்மையானது மெதோட்ரெக்சேட். கிழமைக்கு ஒரு நாள் மட்டும். தினமும் எடுத்தால் எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிற்பாட்டிவிடும், உயிரே போகும். பெரும்பாலும் 7.5 முதல் 15 மில்லிகிராமில் தொடங்குவார்கள். குளிசை ஒன்று 2.5 மில்லிகிராம் என்றால் 7.5க்கு மூன்று குளிசை, அந்த ஒரே நாளில். ஒரு கிழமை நாளைத் தெரிவுசெய்து, கலண்டரில் அந்த நாட்களை வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். இதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் போலிக் அசிட்டை டொக்டர் சொல்லும் வேறு நாளில் எடுக்கவேண்டும். இரண்டும் சின்ன மஞ்சள் குளிசைகளாகவே பல நேரம் வரும். உறையை மாற்றிவைத்தால் விபரீதம்.

பலன் தெரிய 6 முதல் 12 கிழமை செல்லும். "ஒரு மாதம் போட்டும் சரிவரேல்லை" என்று நிற்பாட்டாதீர்கள். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் டொக்டர் நோக்குளிசையோ சிறிய அளவு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரோயிட்டோ சேர்த்துத் தருகிறார். முழு இரத்தக் கணக்கு, ஈரல், கிரியட்டினின் சோதனைகளைத் தொடக்கத்தில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்காலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருக்காலும் செய்வார்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் அடுத்த அளவை எடுக்காமல் போய்க் காட்டுங்கள். சாராயமும் கள்ளும் கூடாது. சலக்கிருமிக்குத் தரும் கோட்ரைமொக்சசோலை இதோடு எடுக்கக்கூடாது. எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் "மெதோட்ரெக்சேட் எடுக்கிறன்" என்று சொல்லுங்கள்.

பிள்ளை பெற விரும்பும் பெண்கள் இதைத் தொடங்குமுன்பே டொக்டரிடம் சொல்லவேண்டும். இது கருவைச் சிதைக்கும். எடுக்கும் காலத்தில் கருத்தடை முறை வேண்டும். பிள்ளைக்கு ஆயத்தமாவதற்கு மூன்று மாதத்துக்கு முன் நிற்பாட்டுவார்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கும் கூடாது. சங்கடப்பட்டுச் சொல்லாமல் விடுபவர்கள் பலர். பிள்ளை பெற விரும்புபவர்களுக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின், சல்பசலசின் என்ற இரண்டும் பாதுகாப்பானவை. முன்னதற்குக் கண் சோதனை வேண்டும். பின்னது சலத்தைச் செம்மஞ்சளாக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

இவற்றிலும் அடங்காதவர்களுக்கு அடலிமுமாப், ரிடுக்சிமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. தொடங்குமுன் கசம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பழைய கசம், இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் மறைக்காதீர்கள்.

ஆறாம் படி: ஸ்டீரோயிட்டைக் கையாளும் முறை

1948இல் அமெரிக்க டொக்டர் பிலிப் ஹென்ச் முதன்முதலாகச் சரவாங்கி நோயாளி ஒருவருக்குக் கோர்ட்டிசோன் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழும்பி நடந்தார். அடுத்தடுத்த வருடங்களில் அதன் மறுபக்கமும் தெரிந்தது: சீனி ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பொருபொருக்கும், முகம் உப்பும், கிருமி இலகுவில் தொற்றும். டொக்டர் தரும் 5 முதல் 10 மில்லிகிராம் பிரெட்னிசலோன் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்ன காலத்துக்கு மட்டும். மூன்று கிழமைக்கு மேல் எடுத்தால் திடீரென்று நிற்பாட்டக்கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரோயிட் நின்றிருக்கும். மயங்கி விழுந்துவிடுவீர்கள். படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

பெயரில்லாத பொட்டலத்தில் தரும் கலர்க் குளிசைகள், "ஒரே நாளில் நோவு பறக்கும்" என்று விற்கும் உருண்டைகள், சூரணங்கள்: இவற்றில் ஸ்டீரோயிட் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரு மருந்து எடுத்ததும் அதிசயமாக நோவு நின்று, நல்லாய்ப் பசித்து, முகம் வட்டமாகிக்கொண்டு வந்தால் அதைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பயத்தில் தூக்கி எறிந்து ஒரே நாளில் நிற்பாட்டிவிடாதீர்கள்.

கவுட் உள்ளவர்களுக்கு

பிடித்த நேரத்தில் நோக்குளிசை, அல்லது கொல்சிசின் 0.5 மில்லிகிராம் நாளைக்கு 2 அல்லது 3 தரம், அல்லது சில நாள் பிரெட்னிசலோன். கிட்னி பழுதானவருக்கு மூன்றாவதுதான் பெரும்பாலும் பொருந்தும். கொல்சிசினில் வயிற்றோட்டம் தொடங்கினால் நிற்பாட்டவேண்டும். அலோபூரினோல் என்பது யூரிக் அசிட்டைக் குறைக்கும் நீண்டகால மருந்து. 100 மில்லிகிராமில் தொடங்கி, யூரிக் அசிட் 6க்குக் (mg/dL) கீழே வரும்வரை கூட்டுவார்கள். தொடங்கிய முதல் மாதங்களில் கவுட் திரும்பப் பிடிக்கலாம். அதற்காக நிற்பாட்டாதீர்கள். உடம்பில் தடிப்பு எழும்பினால் மட்டும் உடனே நிற்பாட்டிக் காட்டுங்கள். பியர், கள்ளு, ஈரல், நெத்தலி, இறால் குறைக்கவேண்டும், தண்ணீர் கூட்டவேண்டும்.

போரில் காலை இழந்தவர்களுக்கு

செயற்கைக் கால் போட்டு நடப்பவர்களுக்கு இருக்கிற ஒற்றை முழங்கால் இரட்டைப் பாரம் சுமக்கிறது, தேய்வு முந்திவரும். ஊன்றுகோல் பிடிப்பவர்களுக்குத் தோளும் மணிக்கட்டும் நோகும். இவர்களில் பலர் பல வருடங்களாக நோக்குளிசையில் காலத்தைக் கடத்துவதைப் பார்க்க மனம் தாங்காது. செயற்கைக் காலின் குவளை இறுகியோ தளர்ந்தோ இருந்தால் நடை கோணும், நோவு கூடும். முதலில் அதைத் திருத்தக் கொடுங்கள். இல்லாத காலில் எரிவும் குத்தும் வருகிறதென்றால் அது நரம்பு நோவு, டிக்ளோபினாக்குக்கு அடங்காது. அதற்கு அமிட்ரிப்டிலின், கபபென்டின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன, கிளினிக்கில் கேளுங்கள். உடம்பில் செல் துண்டு இருக்கும் இடம் புதிதாக வீங்கிச் சிவந்தால் கிருமி தொற்றியிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கடைசிப் படி: சேமித்தல், சோதித்தல், குறைத்தல்

தகரக் கூரை வீட்டில் மத்தியானம் குளிசை வைக்கும் இடம் 30 பாகையைச் சுலபமாகத் தாண்டும். கூரைக்குக் கிட்ட, அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். மண்பானைக்கு அருகே, ஈரம் படாத மூடிய டப்பாவில் வையுங்கள். மெதோட்ரெக்சேட் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள்: பாமசியில் வாங்கியது, வெளிநாட்டில் இருந்து வந்தது, நாட்டு மருந்து எல்லாம். நோக்குளிசை தொடர்ந்து எடுக்கவேண்டி வந்தவர்கள் தொடங்குமுன் கிரியட்டினினும் பிரஷரும் பார்க்கவேண்டும். ஆபத்துக் கூடியவர்கள் ஒன்றிரண்டு கிழமையில் திரும்பவும், பிறகு டொக்டர் சொல்லும் இடைவெளியிலும் பார்க்கவேண்டும். இலக்கத்தைக் கொப்பியில் திகதியோடு எழுதச் சொல்லுங்கள்.

நோவு குறைந்து இரண்டு கிழமை ஆனதும், தேய்வுக்காரர் நாளைக்கு மூன்றை இரண்டாக்கி, பிறகு இரவுக்கு மட்டும் ஒன்றாக்கி, பிறகு நொந்த அன்றைக்கு மட்டும் என்று குறைத்து வாருங்கள். சரவாங்கிக்காரரும் மெதோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கியதும் நோக்குளிசையைத்தான் குறைக்கவேண்டும், மெதோட்ரெக்சேட்டை அல்ல. கிரியட்டினின் முந்தியதைவிடக் கூடியிருந்தால் நோவு எவ்வளவு இருந்தாலும் நோக்குளிசையை அன்றைக்கே நிற்பாட்டிவிட்டு, ஜெல், பனடோல், மூட்டுக்குள் போடும் ஊசி, பிசியோதெரபி இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று டொக்டரிடம் கேளுங்கள்.